தேயாத விசைகள்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் கடையில் கீபோர்டுகளைக் குளிப்பாட்டுவோம். கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். எந்த எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. பிறகு தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியை விசைக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்பினால், 'டப் டப்' என்று ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஸ்பேஸ் பாரை மட்டும் அவசரப்படாமல் எடுக்க வேண்டும். அதற்கு அடியில் ஒரு கம்பி இருக்கிறது, வளைந்தால் அந்தக் கட்டை பிறகு ஒரு பக்கமாகவே இறங்கும். கழன்ற விசைகள் எல்லாம் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போகும். அடிப்பலகையில் தண்ணீர் படக் கூடாது, பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டுவதோடு சரி. ஒரு வருஷத்துத் தலைமுடி, முறுக்குத் துகள், ஸ்டேப்ளர் பின், அழிரப்பர் தூள் எல்லாம் அதில்தான் குடியிருக்கும்.

கழுவிய விசைகளைப் பழைய துண்டில் பரப்பி ஃபேன் காற்றில் உலர்த்துவோம். நான் ஆவலோடு உட்கார்ந்து பார்ப்பது அந்த நேரத்தைத்தான். இருபது வருஷத்துக்கும் மேலாக இதைச் செய்கிறேன். துண்டின் மேல் கிடக்கும் விசைகளைப் பார்த்தே அது யாருடைய கீபோர்டு, அவர் எப்படி டைப் அடிக்கிறவர் என்று சொல்லிவிட முடியும். 'ஏ'யும் 'இ'யும் 'என்'னும் எழுத்தே தெரியாமல் மொட்டையாகியிருக்கும். என்டரும் பேக்ஸ்பேஸும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். விரல் வியர்வையும் உராய்வும் சொரசொரப்பான பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல வழவழப்பாக்கிவிடுகின்றன. ஸ்பேஸ் பாரில் ஒரே ஓர் இடத்தில், வலது கட்டைவிரல் விழும் இடத்தில் மட்டும், ஒரு பளபளப்புத் திட்டு தெரியும். இவற்றுக்கு நடுவே சில விசைகள் நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்தவைபோலக் கிடக்கும். ஸ்க்ரோல் லாக், பாஸ் பிரேக், இன்சர்ட், வலது பக்கத்து ஆல்ட், வலது பக்கத்து கன்ட்ரோல்.

மன்னார்குடியில் 2001-இல் இந்தக் கடையைத் தொடங்கினேன். ஜெராக்ஸ், டைப்பிங், டி.டி.பி. என்று பலகையில் எழுதியிருக்கும். மனு, பயோடேட்டா, பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் அடித்துக் கொடுக்கிறோம். மூன்று கம்ப்யூட்டர். ஒன்று எனக்கு, ஒன்று என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு, மூன்றாவது வருகிறவர்கள் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்ப. போன வருஷம் என் கீபோர்டையும் அவளுடையதையும் ஒரே துண்டில் அடுத்தடுத்துப் பரப்பியிருந்தோம். அவள் சட்டென்று கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு ரெண்டு ஷிஃப்ட்டும் தேஞ்சிருக்கு. எனக்கு லெஃப்ட் மட்டும்தானே தேஞ்சிருக்கு, ஏன்?"

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. அதற்குப் பதில் சொல்ல 1989-க்குப் போக வேண்டும்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடையில் என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் படிப்பு முடித்ததும் லோயர், அடுத்து ஹையர் என்று போவது வழக்கம். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் என்று பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஒரே கூடத்தில் சடசடக்கும். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தாள் முழுக்க அதையே அடிக்க வேண்டும். மாஸ்டர் கையில் ஒரு மர ஸ்கேலோடு பின்னாலேயே நடப்பார், ஆனால் யாரையும் அடித்ததில்லை. குனிந்து விசையைப் பார்க்கிறவர்களின் கைக்கு மேல் அந்த ஸ்கேலைக் குறுக்கே பிடித்து மறைப்பார், அவ்வளவுதான்.

அவர் சொன்ன சட்டங்களில் ஒன்று, 'வலது கை எழுத்துக்கு இடது ஷிஃப்ட், இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட்.' ஒரே கை இரண்டு வேலை செய்யக் கூடாது. அந்த மெஷினில் ஷிஃப்ட் என்பது லேசான சமாசாரம் இல்லை. ஷிஃப்ட் என்றால் இடம் நகர்த்துவது. ஒவ்வொரு அச்சுக் கம்பியின் நுனியிலும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ஷிஃப்ட்டை அழுத்தினால் தாளைச் சுற்றிய உருளையோடு கேரேஜே மேலே எழும்பும், அப்போது பெரிய எழுத்து தாளில் விழும். அத்தனை இரும்பையும் தூக்குவது நம் சுண்டுவிரல். ஷோல்ஸின் கண்டுபிடிப்பை ரெமிங்டன் கம்பெனி 1874-இல் விற்கத் தொடங்கியபோது அதில் பெரிய எழுத்து மட்டும்தான் இருந்தது. 1878-இல் வந்த இரண்டாம் மாடலில்தான் ஷிஃப்ட் சேர்ந்தது. தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் அடிக்கும்போது சுண்டுவிரல் தாங்காது என்பதால் வந்தது ஷிஃப்ட் லாக். கேரேஜைத் தூக்கிய நிலையிலேயே கொக்கி போட்டு நிறுத்துகிற ஏற்பாடு.

அந்தக் கொக்கியின் வாரிசுதான் இன்றைய கேப்ஸ் லாக். தூக்க வேண்டிய இரும்பு போய்விட்டது, ஆனாலும் கொக்கி இருக்கிறது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் கேப்ஸ் லாக் வலது பக்கம் கீழே, ஸ்பேஸ் பாரை ஒட்டி இருந்தது. 'ஏ' பக்கத்தில் இருந்தது கன்ட்ரோல். பிறகு வந்த 101 விசைக் கீபோர்டில் கன்ட்ரோலை எடுத்துவிட்டு அந்த நல்ல இடத்தைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டக்கூடிய, சுண்டுவிரலுக்கு அடுத்தபடியாக இருக்கிற இடம் அது. எனக்கு இது தவறான முடிவு என்றுதான் இன்றும் படுகிறது. கடையில் பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்று பதறுகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்வது, கேப்ஸ் லாக் விளக்கைச் சுட்டிக்காட்டுவதுதான்.

என் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். ஒரே ஒரு பெரிய எழுத்துக்காகக் கேப்ஸ் லாக்கை அழுத்துவார்கள், எழுத்தை அடிப்பார்கள், மறுபடி கேப்ஸ் லாக்கை அழுத்தி அணைப்பார்கள். போனில் அம்புக்குறியைத் தொட்டுவிட்டு எழுத்தைத் தொடுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தும் வித்தையை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. எங்களுக்கு மாஸ்டர் இருந்தார். இவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, விரலை எங்கே வைப்பது என்று சொல்ல ஆள் இல்லை.

விரலுக்கு ஒரு தடவை பாடம் ஏறிவிட்டால் அது லேசில் இறங்காது. இதை எனக்குக் காட்டியவர் ஒரு பெரியவர். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கொஞ்ச நாள் எங்கள் கடையில் வந்து உதவினார். அவர் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், மழை ஒரே சீராகப் பெய்வதுபோல் இருக்கும். ஒரு நாள் ஒரு சீட்டுக் கணக்கை எக்ஸெலில் ஏற்றச் சொன்னேன். ஏற்றி முடித்துக் கூட்டிப் பார்த்தால் தொகை குறைகிறது. இரண்டு பேரும் நோட்டை வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தோம். எல்லா எண்ணும் சரி. கூட்டல் மட்டும் தப்பு.

அரை மணி நேரம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. சில எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் நின்றன, சில இடது ஓரத்தில். எக்ஸெல் எண்ணை வலப்பக்கம் ஒட்டி வைக்கும், எழுத்தை இடப்பக்கம் ஒட்டி வைக்கும். இடப்பக்கம் நின்ற எல்லாவற்றிலும் ஓர் ஒன்று இருந்தது. பெரியவர் ஒன்று என்ற எண்ணுக்குச் சின்ன 'எல்' எழுத்தை அடித்திருக்கிறார். அவர் கற்றுக்கொண்ட மெஷினில் ஒன்றுக்குத் தனி விசையே கிடையாது. பழைய டைப்ரைட்டர்கள் பலவற்றில் அப்படித்தான், எண் வரிசை இரண்டிலிருந்து தொடங்கும். ஒன்றும் 'எல்'லும் தாளில் ஒரே மாதிரி இருந்ததால் ஒரு விசையை மிச்சப்படுத்தினார்கள். ஆச்சரியக்குறிக்கும் தனி விசை இருக்காது. மேற்கோள் குறி ஒன்றை அடித்து, பேக்ஸ்பேஸால் ஓர் எழுத்து பின்னால் வந்து, அதே இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைப்போம். அந்த மெஷினில் பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்காது, பின்னால் நகர்த்துவதோடு சரி.

தாளைப் படிக்கிற மனிதருக்கு 'எல்' ஒன்றாகத் தெரிந்தது. எக்ஸெலுக்கு அது எழுத்து, அதனால் கூட்டலில் சேர்க்காமல் தாண்டிப் போய்விட்டது. பெரியவர் வெகு நேரம் தன் வலது மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு ஒன்றையும் நிறுத்தி, யோசித்து, மேல் வரிசைக்குப் போய் அடித்தார். அந்த மழைச் சத்தத்தில் அங்கங்கே இடைவெளி விழுந்தது. எனக்குத் தாங்கவில்லை. கணக்கு வேலையை நான் எடுத்துக்கொண்டு அவருக்குக் கடிதங்களை மட்டும் கொடுத்தேன்.

கடிதங்களிலும் மெஷின் பழக்கம் இருந்தது. வரி முடியும் இடத்தில் அவர் என்டரைத் தட்டிவிடுவார். டைப்ரைட்டரில் வரி முடியப் போகும்போது மணி அடிக்கும், கேரேஜை இடது கையால் தள்ளி அடுத்த வரிக்குப் போவோம். கம்ப்யூட்டர் தானே வரியை மடிக்கும் என்பது தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. தலைப்பை நடுவில் வைக்க நாங்கள் எழுத்துகளை எண்ணிப் பாதியாக்கி, தாளின் நடுவிலிருந்து அத்தனை தடவை பேக்ஸ்பேஸ் அடித்துப் பின்னால் வருவோம். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி விட வேண்டும் என்பதும் இன்ஸ்டிடியூட் சட்டம். அதை 2020 முதல் வேர்டு பிழையென்று கோடு போட்டுக் காட்டுகிறது. எனக்கு இன்னும் கட்டைவிரல் இரண்டு தடவை இறங்கத்தான் செய்கிறது.

இனி அந்தத் தேயாத விசைகளுக்கு வருகிறேன். அவற்றை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதவர்கள் கிடையாது.

ஸ்க்ரோல் லாக்கை யாரும் வேண்டுமென்று அழுத்திப் பார்த்ததில்லை. தவறி அழுத்துகிறவர்கள் உண்டு. ஒரு மார்ச் மாதக் கடைசியில், கணக்கு முடிக்கிற நேரத்தில், தெரிந்த கணக்காளர் ஒருவர் கலங்கிப்போய் போன் செய்தார். "எக்ஸெல் கெட்டுப்போச்சு. அம்புக்குறிய அழுத்தினா கட்டம் நகர மாட்டேங்குது, ஷீட்டே நகருது. வைரஸ் வந்திருக்குமா?" கீபோர்டின் வலது மூலையில் ஒரு சின்ன விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எரிகிறது என்றார். ஸ்க்ரோல் லாக்கை ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

அந்த விசையின் வேலையே அதுதான். மவுஸ் இல்லாத காலத்தில், திரையில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்க்க அம்புக்குறிகளை விட்டால் வழியில்லை. அதே அம்புக்குறிகள்தான் கர்சரையும் நகர்த்த வேண்டும். ஒரே விசைக்கு இரண்டு வேலை. எப்போது எந்த வேலை என்று சொல்வதற்கு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். ஐ.பி.எம்.மின் முதல் பி.சி.யிலேயே அது உண்டு. மவுஸும் அதில் சுழலும் சக்கரமும் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. ஆனால் எக்ஸெல் அதை மறக்காமல் இன்னும் மதிக்கிறது. இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில் ஸ்க்ரோல் லாக் விசையே இல்லை, ஆனால் அந்த நிலை எப்படியோ மாட்டிக்கொள்வதுண்டு. அப்போது விண்டோஸில் உள்ள ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்தால் திரையில் அந்த விசை இருக்கும், அதைத் தொட்டு அணைத்துவிடலாம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பாஸ் பிரேக்கின் 'பிரேக்' இன்னும் பழையது. அது தந்திக் காலத்துச் சொல். எதிர்முனையில் இருப்பவர் செய்தி அனுப்பிக்கொண்டே போகும்போது, கேட்கிறவர் இடைமறிக்க வேண்டுமென்றால் மின்சுற்றைத் துண்டிப்பார். துண்டிப்பதுதான் பிரேக். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோயிற்று, அந்தச் சொல் என் மேஜைமேல் இருக்கிறது. சிஸ்டம் ரிக்வெஸ்ட் என்று பிரின்ட் ஸ்கிரீன் விசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரும் இதுபோலத்தான். 1984-இல் ஐ.பி.எம். தன் புதிய கம்ப்யூட்டருக்கு 84-ஆவது விசையாக அதைச் சேர்த்தது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள், மெஷின் உறைந்துபோனால் ஆல்ட்டோடு அதைச் சேர்த்துப் பிடித்துச் சில எழுத்துகளை வரிசையாக அடித்து, பதறாமல் மறுபடி தொடங்கவைப்பார்கள். மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் நடக்காது.

பிரின்ட் ஸ்கிரீன் பற்றி மட்டும் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. விண்ணப்பம் போட்ட பிள்ளைகள் திரையில் வரும் பதிவெண்ணைப் போனால் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கோடு கோடாக, பாதி வெளிச்சத்தில், ஒரு எண் எட்டா மூன்றா என்று தெரியாது. கைக்கு எட்டும் தூரத்தில் அதற்கென்றே ஒரு விசை இருக்கிறது. பழைய டாஸ் காலத்தில் ஷிஃப்ட்டோடு அதை அழுத்தினால் திரையில் உள்ள எழுத்து அப்படியே பிரின்டரில் அச்சாகி வரும், பெயர் அதனால் வந்தது. இன்று விண்டோஸ் விசையோடு சேர்த்து அழுத்தினால் முழுத் திரையும் பிக்சர்ஸ் ஃபோல்டரில் படமாகச் சேர்ந்துவிடும். ஆல்ட்டோடு அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் நகலாகும், வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்சர்ட்டால் நான் பட்டது வேறு. கடை தொடங்கிய இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, ஒரு கிரயப் பத்திர வரைவு. பழைய வேர்டு. டெலீட்டுக்குப் போன விரல் பக்கத்திலிருந்த இன்சர்ட்டில் பட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அது மேலெழுதும் நிலை. புதிதாக அடிக்கிற ஒவ்வோர் எழுத்தும் முன்னால் இருக்கும் எழுத்தைத் தின்றுகொண்டே போகும். 'வடபுறம்' என்று ஒரு சொல்லை இடையில் சேர்த்தேன், அதற்குப் பின்னால் இருந்த சர்வே எண்ணில் பாதி காணாமல் போயிற்று. நல்லவேளையாகப் படித்துப் பார்த்த பத்திர எழுத்தர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, அடித்ததை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படிக்காமல் ஒரு தாளும் என் கடையைவிட்டுப் போவதில்லை. இப்போதைய வேர்டில் இன்சர்ட்டின் இந்த வேலையை முன்கூட்டியே அணைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே இன்சர்ட் ஒரு முறை என்னைக் காப்பாற்றியது. காப்பி, பேஸ்ட்டுக்கு அடிபட்டு அடிபட்டு 'சி' விசை வேலைசெய்யாமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் புதுக் கீபோர்டு வாங்க வழியில்லை. கன்ட்ரோல் இன்சர்ட் என்றால் காப்பி, ஷிஃப்ட் இன்சர்ட் என்றால் பேஸ்ட், ஷிஃப்ட் டெலீட் என்றால் கட். 1980-களில் ஐ.பி.எம். வகுத்த முறை, இன்றைய விண்டோஸிலும் வேலைசெய்கிறது. அன்று முழுக்க அப்படியே ஓட்டினேன்.

வலது ஷிஃப்ட்டைப் பற்றிக் கேட்ட பெண் அடுத்து ஒன்று கேட்டாள். "அக்கா, செமிகோலன் யாருக்கு வேணும்? என்னோடது புதுசாவே இருக்கு. உங்களோடது மட்டும் எப்படி இப்படி அழிஞ்சிருக்கு?"

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஏனென்றால் அந்தச் செமிகோலன் செமிகோலன் இல்லை. அது என் தமிழின் புள்ளி.

247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்கியவர் ஆர். முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர். எல்லா எழுத்துக்கும் தனித்தனி அச்சு வைக்க முடியாது. மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்து, சேர்த்து அடிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். புள்ளியை அடித்தால் கேரேஜ் நகராது. புள்ளி தாளில் விழுந்து, அதே இடம் காத்திருக்கும், அடுத்து அடிக்கும் எழுத்தின் தலையில் அந்தப் புள்ளி உட்கார்ந்துவிடும். அந்தப் புள்ளியின் இடம்தான் ஆங்கிலத்தில் செமிகோலன், வலது சுண்டுவிரலுக்கு அடியில். ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப் என்று தொடங்கும் அதே விரல் பாடம் தமிழில் 'யளனகபக ட்மதாத' என்று வரும். தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர்களிடம் 'யளனகபக' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

கம்ப்யூட்டருக்கு வந்தபோது பாமினி போன்ற எழுத்துருக்கள் ஏறக்குறைய இதே இடங்களை வைத்துக்கொண்டன. 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, செமிகோலன். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகளே பிதற்றலாகத் தெரியும். பலர் அதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் என்னை மாதக்கணக்கில் படுத்தியது. மெஷினில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. இதில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. மூளை திருத்திக்கொண்டது, சுண்டுவிரல் முந்திக்கொண்டே இருந்தது.

பிறகு 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 வந்தது, அரசு அதை ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அதில் செமிகோலன் 'ந' ஆகிறது, பக்கத்து மேற்கோள் குறி 'ய', சதுர அடைப்புக்குறி 'ச', சாய்கோடு 'ழ'. ஆங்கிலத்தில் அடிக்கிறவர் நாள் முழுக்க ஒரு தடவைகூடத் தொடாத அந்த வலது ஓரத்து விசைகள் தமிழுக்கு அன்றாடச் சோறு. 'தமிழ்' என்று அடிக்க இதிலும் ஐந்து தட்டுதான். ஆனால் 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதல் மெய்க்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் நடுவில் புள்ளி வரும் என்று அதற்குத் தெரியும். நம் இலக்கணத்தில் உள்ள இன எழுத்துச் சேர்க்கையை விரலின் வேலையைக் குறைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதைச் செய்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

என்னோடு வேலை பார்க்கும் பெண் இரண்டிலும் சேர்த்தியில்லை. அவள் போனில் பழகியதுபோல ஆங்கில ஒலியை அடித்துத் தமிழாக மாற்றுகிறாள். அதில் ஷிஃப்ட்தான் உயிர். சின்ன 'என்' அடித்தால் 'ன', பெரிய 'என்' அடித்தால் 'ண'. 'எல்'லும் அப்படியே, ல, ள. 'ஆர்' சின்னதானால் ர, பெரியதானால் ற. ஷிஃப்ட்டை ஒரு கணம் தாமதமாக அழுத்தினால் மணம் மனமாகிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'மணமக்கள்' 'மனமக்கள்' ஆகி, அச்சுக்குப் போகும் முன்பு வாய்விட்டுப் படித்ததில் பிடித்தோம். அப்போதுதான் அவளுக்கு மாஸ்டரின் சட்டத்தைச் சொன்னேன். 'எல்', 'என்' இரண்டும் வலது கைக்கு, அதனால் இடது ஷிஃப்ட் சரி. 'ஆர்' இடது கையில் இருக்கிறது. அதற்கும் இடது ஷிஃப்ட்டையே பிடித்தால் ஒரே கையை முறுக்க வேண்டும், அங்கேதான் விரல் பிந்துகிறது. வலது ஷிஃப்ட் அதற்காகத்தான் அங்கே இருக்கிறது.

ரூபாய்க் குறியையும் சொல்லிவிடுகிறேன். இன்று கீபோர்டு வாங்கினால் பலவற்றில் நான்காம் எண்ணுக்கு அருகே ₹ அச்சிட்டிருக்கும். அழுத்தினால் வராது. வாடிக்கையாளர்கள் 'ஏமாத்து வேலை' என்பார்கள். உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை அரசு 2010 ஜூலையில் ஏற்றது. விண்டோஸில் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் அது வராது. 'ஆங்கிலம் (இந்தியா)' என்ற கீபோர்டைச் சேர்த்துக்கொண்டு, வலது பக்கத்து ஆல்ட்டைப் பிடித்தபடி நான்கை அழுத்த வேண்டும். இடது ஆல்ட் உதவாது. அதனால் என் வலது ஆல்ட்டில் இப்போது ஒரு மங்கல் விழத் தொடங்கியிருக்கிறது. ரசீதுகளில் 'ரூ.' என்று அடித்துப் பழகிய கை இது, மாறுவதற்கு நாளாயிற்று.

போன வருஷம் துண்டில் விசைகள் உலர்ந்த பிறகு, படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். 'எஃப்'பையும் 'ஜே'யையும் நான் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தேன். அவற்றின் மேல் ஒரு சின்ன மேடு உண்டு, ஆள்காட்டி விரலுக்கு வீடு அதுதான். கடைசியில் துண்டில் ஒரே ஒரு விசை மிஞ்சியது, மூன்றாவது கீபோர்டின் ஸ்க்ரோல் லாக்.

"இது எதுக்குக்கா, விட்டுடவா?" என்றாள்.

"அந்தக் கணக்காளர் சார் மூணாவது மெஷின்லதான் வந்து உக்காருவாரு, அது அவரு மெஷினோடது. போடும்மா" என்றேன்.

அவள் அதை வைத்து அழுத்தினாள். மறுநாள் காலையில் சந்தனமும் குங்குமமும் கீபோர்டின் ஓரச் சட்டத்தில் மட்டும் வைத்தோம், விசைகளின் இடுக்கில் போகாமல். பொரி, கடலை, சுண்டல் படைத்துக் கற்பூரம் காட்டினோம். விஜயதசமியன்று கடையைத் திறந்ததும் மூன்று மெஷினையும் போட்டு, விசைகள் வேலைசெய்கின்றனவா என்று பார்க்க நான் வழக்கமாக அடிக்கும் வரியை அடித்தேன். யளனகபக ட்மதாத. பிறகு நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்தேன். அவள் இரண்டு கையையும் வைத்து, விசையைப் பார்க்காமல், மெதுவாக ஓர் 'ற' அடித்தாள். வலது சுண்டுவிரல் ஷிஃப்ட்டைத் தேடிக் கொஞ்சம் தடுமாறி, பிறகு சரியாக இறங்கியது.